ஜூலி பஸ்ஸை ஏன் எரித்தார்கள்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்துக் கூட்டத்துக்கு நடுவில் யாசரின் மண்டை உடைந்தது. உடைத்தவன் கலியமூர்த்தி. உடைத்தது, டயர் மாற்றுவதற்காக பஸ்ஸில் வைத்திருக்கும் இரும்பு லீவர். காரணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிதம்பரம் போகும் 'ஜூலி' பஸ் தன் நேரம் முடிந்த பிறகும் நகராமல் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அடுத்துப் புறப்பட வேண்டிய 'நஜியா' பஸ்ஸின் கண்டக்டர்தான் யாசர். அவன் வந்து, "எங்க டைம்ல நின்னுக்கிட்டு எங்க ஆளையும் ஏத்துறியே, எடு மச்சான்" என்றான்.

"யார்றா ஒனக்கு மச்சான்?" என்று ஜூலியின் டிரைவர் கலியமூர்த்தி கீழே குதித்தான்.

அவ்வளவுதான். முதலில் வாய், பிறகு சட்டைக் காலர், பிறகு லீவர். யாசர் டீக்கடை வாசலில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. பூ வாங்க வந்த பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். கலியமூர்த்தி லீவரை சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, ஏர் ஹாரனை அலறவிட்டபடி சிதம்பரத்துக்குக் கிளம்பிப் போனான். உள்ளே இருந்த ஜனங்கள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தச் சேதி போனில் வந்தபோது இன்னாசிமேரி முதுநகரில் தன் வீட்டு வாசலில் நின்று பால்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஜூலி பஸ்ஸுக்கு ஓனர் அவள்தான். புருஷன் ஜோசப்ராஜ் மாரடைப்பில் போன பிறகு, "பொம்பள என்னா பஸ் ஓட்டறது" என்று சிரித்தவர்கள் மூக்கில் விரல் வைக்கிற மாதிரி, இருந்த ஒரு பஸ்ஸை இரண்டாக்கிக் காட்டியவள். மகள் ஜூலியின் பேரை ஒன்றுக்கு வைத்தாள். மகள் அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அந்தப் படிப்புக்கும் சோற்றுக்கும் இந்த பஸ்கள்தான் கதி.

ஒரு மனுஷன் மண்டை உடைந்த சேதிக்கு நாமாக இருந்தால் நெஞ்சு பதறியிருக்கும். அவளுக்கு வாயெல்லாம் பல். "அடிச்சானா? நல்லா போடட்டும். அப்பதான் பயம் இருக்கும்" என்றாள். அன்று சாயங்காலம் கலியமூர்த்தி வீட்டுக்கு ஆட்டுக்கறி போயிற்று.

அவள் தொழில் செய்த முறையைச் சொன்னால்தான் இந்தச் சந்தோஷம் புரியும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அவள் மாதச் சம்பளம் கொடுப்பதில்லை. அன்றன்று எவ்வளவு கலெக்‌ஷனோ, அதில் ஒரு பங்குதான் பேட்டா. ஆள் ஏறினால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும், ஏறாவிட்டால் இல்லை. அந்த லைனில் எல்லா ஓனரும் அப்படித்தான். ஆகையால் முன்னால் போகிறவனை முந்த வேண்டும், பின்னால் வருகிறவனை மறிக்க வேண்டும். கிழவி கையைக் காட்டினால் நிற்கக் கூடாது, ஏற நேரமாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நிற்கக் கூடாது, அரை டிக்கெட். மீன்காரிகளை ஏற்றவே கூடாது, நாற்றம். இதையெல்லாம் அவள் கூச்சமில்லாமல் கெட்டிக்காரத்தனம் என்று நம்பினாள்.

தலையில் தையலோடு யாசர் வீடு திரும்பியதும், நஜியா பஸ்ஸின் ஓனர் அப்துல் ஹக் அவளைத் தேடி வந்தார். சவூதியில் வருஷக்கணக்காக டிரெய்லர் ஓட்டிய மனிதர். ஊருக்கு வந்து ஒரே ஒரு பஸ் வாங்கி ஓட்டுகிறார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று இவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அவரோ உட்காரக்கூட இல்லை.

"அக்கா, கேஸு கீஸுன்னு நான் வரல. நம்ம ரெண்டு பேரும் இந்தக் கலெக்‌ஷன் பேட்டாவ நிறுத்திடுவோம். மாசச் சம்பளம் குடுப்போம். அவுங்கவுங்க டைம்ல பசங்க நிம்மதியா ஓட்டட்டும். இன்னிக்கு மண்ட ஒடஞ்சுது, நாளைக்கு ஒரு உசுரு போயி மௌத்து வுழும்."

"அடி வாங்குனதும் புத்தி வந்துடுச்சா பாய்? தரும காரியம் பண்ணணும்னா வடலூருக்குப் போயி சோறு போடுங்க. நான் யாவாரம் பண்றேன்."

"நானும் யாவாரத்ததான் சொல்றேன்க்கா. நம்மகிட்ட உசுரக் குடுத்துட்டு ஒக்காருதுங்க ஜனங்க. அதுங்கள வெரட்டிட்டு யார வெச்சி பஸ் ஓட்டுவோம்?"

"ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டுவான், மத்தவன் வித்துட்டுப் போவான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஹக் தனியாகவே செய்தார். தன் ஆட்களுக்கு மாதச் சம்பளம் என்று முடிவு கட்டினார். பஸ்ஸின் பின்பக்கம் கடைசி சீட்டைக் கழற்றிவிட்டு, மீன்காரப் பெண்களின் அன்னக்கூடைகளை வைக்க ஒரு இரும்புத் தட்டு அடித்தார். தண்ணீர் ஒழுகி மற்றவர் மேல் படாமல் இருக்க அடியில் தகரம். வயசானவர்கள் உட்காரும்வரை வண்டி நகரக் கூடாது என்று யாசரிடம் கறாராகச் சொன்னார். விஷயம் கேள்விப்பட்ட இன்னாசிமேரி விழுந்து விழுந்து சிரித்தாள். "மீன் வண்டி! மூக்க மூடிக்கிட்டு எவன் ஏறுவான் அதுல?"

ஏறினார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் ஜூலியின் கலெக்‌ஷன் தேய ஆரம்பித்தது. கலியமூர்த்தியைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"நான் என்னாம்மா பண்றது? ஜனமே ஏற மாட்டேங்குது" என்றான் அவன்.

"பொய் சொல்லாத. அவன் ஒன்ன முந்திட்டுப் போயி அள்ளிட்டுப் போறான். நீ தூங்கிக்கிட்டு ஓட்டற. நாளைக்கு நானே வந்து பாக்குறேன்."

தன் பஸ்ஸில் அவள் ஏறிப் பல வருஷமாகியிருந்தது. மறுநாள் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், அரசியல்வாதி மேடையில் உட்காருகிற தோரணையில் உட்கார்ந்தாள். ஆலப்பாக்கத்தில் நல்ல கூட்டம் நின்றது. கண்டக்டர் ஆண்டி கீழே குதித்து, "சிதம்பரம், சிதம்பரம், ஏறு ஏறு" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஒரு பெண் சாவகாசமாகக் கையை ஆட்டினாள். "நீ போப்பா. நாங்க பின்னாடி பாய் வண்டில வர்றோம்."

ஓனரின் காதில் அது நன்றாக விழுந்தது. முகம் சிவந்துவிட்டது. அந்த இடத்தில் அவள் யோசித்திருக்கலாம். காலியாக வரும் வண்டியை விட்டுவிட்டு வெயிலில் நிற்கிறார்களே, ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எங்கே! ஆத்திரம் கண்ணை மறைத்தது. "நில்லு. அவங்க ஏறுறவரைக்கும் நவுறாத" என்றாள். நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. நஜியா வந்து நின்று, கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, இவர்களைத் தாண்டிப் போயிற்று.

"புடிறா அவன!" என்றாள் இன்னாசிமேரி.

கலியமூர்த்தி மிதித்தான். அப்பா, அது என்ன ஓட்டம்! எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் வண்டியோடு பள்ளத்தில் இறங்கினார். இறங்குவதற்காக எழுந்து நின்ற ஒரு பெரியவர் கம்பியில் மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டார். கைக்குழந்தைக்காரி, "மெதுவா போயா, பாவி!" என்று கதறினாள். இரண்டு பஸ்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடின. கண்ணாடி நொறுங்கித் தெறித்தது. நஜியாவின் டிரைவர் ஓரம் ஒதுங்கி வழி விட்டார். தன் வண்டி முன்னால் பாய்ந்தபோது இன்னாசிமேரி கை தட்டினாள். ஆமாம், கை தட்டினாள்.

புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம். மலர்க்கொடி என்கிற மீன்காரப் பெண் அன்னக்கூடையோடு நின்றிருந்தாள். வெயில் ஏறினால் சரக்கு கெட்டுவிடும், அவளுக்கு அவசரம். நஜியா முன்னால் போய்விட்டது போல என்று நினைத்து இந்த வண்டிக்குக் கை காட்டினாள். வெறும் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து வெறுத்திருந்த ஆண்டி, மீன் என்றுகூடப் பார்க்காமல், "ஏறு ஏறு" என்றான். கூடையைப் படியில் வைத்தாள். ஒரு காலைத் தூக்கிப் படியில் ஊன்றினாள்.

அப்போது பக்கக் கண்ணாடியில் நஜியா தெரிந்தது.

"வந்துட்டான், வந்துட்டான்! எடுறா வண்டிய!" என்று இன்னாசிமேரி கூவினாள்.

"மீன்காரம்மா ஏறிக்கிட்டு இருக்கும்மா..." என்று இழுத்தான் கலியமூர்த்தி.

"அது ஏறிக்கும். எடுறான்னா எடு!"

எடுத்தான். கூடை உருண்டது, ரோடெல்லாம் மீன். கூடையைப் பிடிக்கப் போன மலர்க்கொடி மல்லாந்து விழுந்தாள். பின் சக்கரம் அவள் வலது காலின் மேல் ஏறி இறங்கியது. அவள் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை.

கண்ணை மூடித் திறப்பதற்குள் ஊரே ரோட்டில் இருந்தது. பெண்கள் மலர்க்கொடியை இழுத்து ஓரத்தில் கிடத்தினார்கள். டிரைவர் பக்கக் கதவைப் பிடுங்கிக் கலியமூர்த்தியைக் கீழே இழுத்தார்கள். செருப்பு, ஹெல்மெட், சவுக்குக் கட்டை, கையில் கிடைத்ததெல்லாம் அவன் மேல் இறங்கியது. "அந்தப் பொம்பள ஏறும்போதே எதுக்குடா எடுத்த? சொல்றா! யார்றா எடுக்கச் சொன்னது?" ஒருவன் அவன் முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான். ரத்தத்துக்கு நடுவே கலியமூர்த்தியின் கண் பஸ்ஸுக்குள் இருந்த ஓனரைத் தேடியது. அவளைப் பார்த்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

அவளும் திறக்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பயணிகளோடு பயணியாகக் குனிந்து உட்கார்ந்தாள். வாய் மட்டும், "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தது. கல் வந்து முன் கண்ணாடியை உடைத்தது. ஒரு சில்லு அவள் நெற்றியில் சொருகியது. ஜனங்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். "எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க! கொளுத்துங்கடா இத!" என்று ஒரு குரல். மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்ரோல் வந்தது. அவள் தட்டுத் தடுமாறி இறங்கி, மீன் சிதறிக் கிடந்த தாரில் விழுந்தாள். அவள் கண் முன்னாலேயே, மகள் பேர் எழுதிய நெற்றியோடு அந்த வண்டி குப்பென்று பற்றிக்கொண்டது. டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன.

நஜியா அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. போச்சு, இதையும் கொளுத்தப் போகிறார்கள் என்று நினைத்தாள் இன்னாசிமேரி. ஒரு இளைஞன் ஓடிப்போய்க் கல்லை ஓங்கவும் செய்தான். பக்கத்தில் நின்றவர் அவன் கையைப் பிடித்து முறுக்கினார்.

"டேய், அது பாய் வண்டிடா! கல்லக் கீழ போடு!"

பஸ்ஸைக் கொளுத்திய அதே ஆட்கள் முன்னால் ஓடினார்கள். வண்டிகளை மறிக்க ரோட்டில் போட்டிருந்த கட்டைகளை இழுத்துத் தள்ளி வழி செய்தார்கள். யாசர் இறங்கித் தன் துண்டால் மலர்க்கொடியின் தொடையை இறுக்கிக் கட்டினான். நாலு பேராகத் தூக்கி அவளைப் பின்பக்கத் தட்டில் படுக்க வைத்தார்கள். அங்கே இருந்த கூடைகளைப் பெண்கள் தாங்களே எடுத்துக் கீழே வீசினார்கள். யார் சரக்கு, என்ன விலை என்று ஒருத்தியும் பார்க்கவில்லை.

திரும்பிய யாசர், ரோட்டோரத்தில் சுருண்டு கிடந்த கலியமூர்த்தியைப் பார்த்தான். கலியமூர்த்தி உடைத்த தலையில், தையல் தழும்பின் மேல் யாசருக்கு இன்னும் முடி முளைக்கவில்லை. கிட்டே போனான். ஓங்கி ஒரு அறை விட்டான். அப்புறம் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினான்.

"அவன எதுக்குத் தூக்குற? சாவட்டும்!" என்று கூட்டம் கத்தியது.

"செத்தான்னா நீங்க எல்லாரும் உள்ள போவீங்க மாமா. வழிய வுடுங்க" என்றான் யாசர். விட்டார்கள். அவன் பார்வை தரையில் கிடந்த இன்னாசிமேரி மேல் விழுந்தது. "ஓனரம்மா, நீங்களும் ஏறுங்க."

ஏறினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நஜியாவில் ஏறினாள்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மலர்க்கொடிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கலியமூர்த்திக்குத் தாடையும் இரண்டு விலா எலும்பும் போயிருந்தன. நெற்றிக் கட்டோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள் இன்னாசிமேரி. சேதி தெரிந்து அப்துல் ஹக் ஓடி வந்தார். ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார்.

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என் வண்டிய கொளுத்துன அதே கைதான் பாய் ஒங்க வண்டிக்கு வழி வுட்டுது. எப்டி?"

ஹக் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் ஒண்ணும் மகான் இல்லக்கா. சம்பளம் குடுக்க ஆரம்பிச்சப்போ பொண்டாட்டி நகைய வெச்சித்தான் ரெண்டு மாசம் தள்ளுனேன். பைத்தியக்காரன்னு என்னயே நான் திட்டிக்கிட்டேன். அப்புறம் ஜனங்க வந்தாங்க. அந்த வண்டி வந்தாதான் அவுங்க மீனு விக்கும், புள்ளைங்க பள்ளிக்கூடம் போவும். அவுங்களுக்கு வேணும்கிற வண்டிய அவுங்க ஏன்க்கா எரிக்கப் போறாங்க? ஒங்க வண்டி ஒங்களுக்கு மட்டுந்தான் வேண்டியிருந்துது."

இன்னாசிமேரிக்கு அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது. வார்டுக்குள் போலீஸ்காரர் ஒருவர் கலியமூர்த்தியின் கட்டில் பக்கத்தில் நின்று, "நீயாத்தான எடுத்த?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாடை கட்டப்பட்ட கலியமூர்த்தி தலையை ஆட்டினான், ஆமாம் என்று. பேட்டாவுக்காக அடித்தவன், பேட்டாவுக்காக ஓட்டியவன், இப்போது அந்தச் சோற்றுக்காகவே பழியையும் தூக்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அதைப் பார்த்ததும் அவள் எழுந்து உள்ளே போனாள்.

"அவன் வேணாம்னான் சார். எடுன்னு கத்துனது நான். என் பேர எழுதிக்கங்க."

கேஸ் அவள் மேலும் வந்தது. கோர்ட்டுக்கு நடக்கிறாள், இன்னும் முடியவில்லை. பண்ருட்டிப் பக்கம் இருந்த பலாத்தோப்பை விற்று மலர்க்கொடியின் வைத்தியத்துக்கும் அவள் குடும்பத்துக்கும் கொடுத்தாள். மலர்க்கொடி அவளைப் பார்க்கவே மறுத்தாள். ஒரு தடவை வாங்கிப் போன பழத்தை மூஞ்சியிலேயே விட்டெறிந்தாள். எறிய வேண்டியதுதானே?

மிச்சம் இருந்தது ஒரு பழைய பஸ். அதன் டிரைவர் உத்திராபதியிடம் மாதச் சம்பளம் என்று சொன்னாள். அவன் நம்பவில்லை, முதல் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் நம்பினான். கண்டக்டராகத் தானே பையை மாட்டிக்கொண்டு ஏறினாள். பின்னால் கூடைகளுக்குத் தட்டு அடித்தாள். இருந்தும் ஜனங்கள் அந்த வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காலி சீட்டுகளோடு போய்க் காலி சீட்டுகளோடு வந்தது. நல்லவளாகிவிட்டேன் என்று ஒருத்தி சொன்னால் ஊர் உடனே நம்பிவிடுமா என்ன? இவள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி நின்றாள். பெரியவர்களுக்குக் கை கொடுத்தாள். திட்டினால் வாங்கிக்கொண்டாள். மழைக்காலம் வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற ஆரம்பித்தார்கள். பிறகு அவர்களுடைய தாய்மார்கள். பாதி வண்டி நிறைந்தது.

பொங்கல் முடிந்து ஒரு காலையில் அந்தச் சின்ன நிறுத்தத்தில் மலர்க்கொடி நின்றிருந்தாள். கக்கத்தில் ஊன்றுகோல், பக்கத்தில் அன்னக்கூடை. நிறுத்தத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னாசிமேரி இறங்கி, கூடையைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டு வந்து கையை நீட்டினாள். மலர்க்கொடி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. பாய் வண்டில எடம் இல்ல, மீனு கெட்டுடும், அதான் ஏறறேன்."

"நீ மன்னிக்க வேணாம்மா. பாத்து ஏறு."

படியில் ஊன்றுகோலை வைத்து, கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கி, அவள் ஏற ஆரம்பித்தாள். பின்னால் வேறொரு தனியார் பஸ் ஏர் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. உத்திராபதிக்குப் பழைய ரத்தம். கை தானாக கியருக்குப் போனது. "அம்மா, அவன் முந்தறான். அடுத்த ஸ்டாப்ல அள்ளிடுவான்."

"கைய எடுறா. அந்தம்மா ஒக்காரட்டும்" என்றாள் இன்னாசிமேரி. நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மலர்க்கொடிக்குப் பின்னால் படியேறிக்கொண்டிருந்தார்கள். இன்னாசிமேரி உத்திராபதிக்குச் சொன்னது வண்டி முழுக்கக் கேட்டது. "போறவன் போவட்டும். ஜனங்கள மிதிச்சிட்டு சம்பாரிக்கிற யாவாரம், சம்பாரிச்ச அன்னிக்கே நஷ்டம்டா. இத கத்துக்க எனக்கு ஒரு பஸ்ஸு எரிஞ்சுது, இந்தம்மாவுக்கு ஒரு காலே போச்சு. நீயாவது சும்மா கத்துக்க."